இடது குழல் என்னுடையது

1981 டிசம்பர் 13, ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல் விடியுமுன் எழுந்தேன். சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். முகம் மழித்தேன். வாரம் முழுதும் தேய்ந்த பென்சில்களைச் சீவி வைத்தேன். ஞாயிறு என்றால் எனக்கு அடுத்த வேலை, உழவர்கரையிலிருந்து சைக்கிளில் பெரிய மார்க்கெட் போய் மீன் வாங்கி வருவது. அன்று பையை எடுக்காமல் சட்டையை மாட்டியதைப் பார்த்து என் மனைவி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"ஊசுட்டேரிக்கு. நாங்க ரிப்பேர் பண்ண பைனாகுலர்ல இன்னிக்குப் பறவை பாக்குறாங்க. மிசியே வரச் சொன்னாரு."

"மீன் வாங்கப் போங்கன்னா முட்டி வலிக்குது. மீன் தின்ற கொக்கப் பாக்கன்னா வலி பறந்துடுது. அந்த ஆதிமூலமும் வர்றாரா?"

"வர்றான்."

"அப்ப சாயங்காலம் உங்க மொகம் எப்படி இருக்கும்னு எனக்கு இப்பவே தெரியும்."

அவள் சொன்னது சரிதான். அந்த நாளைப் பற்றி எழுத ஒரு காரணம் உண்டு. ஓய்வு பெற்ற பிறகு போன மாதம்தான் எங்கள் பட்டறைக்குப் போனேன். புதுச்சேரி நில அளவைத் துறையின் கருவிகளைப் பழுது பார்க்கும் பட்டறை அது. இப்போது தூரத்தை எண்ணாகவே காட்டும் மின்னணுக் கருவிகள் வந்துவிட்டன. பழுதானால் பெட்டியோடு சென்னைக்கு அனுப்பிவிடுகிறார்களாம். இங்கே யாரும் திறப்பதில்லை. வேலை குறைந்துபோன புதியவர்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, "மிசியேன்னு ஒருத்தர் இருந்தாராமே, எப்படி சார் இருப்பாரு?" என்று கேட்டார்கள். நேரில் கொஞ்சம்தான் சொன்னேன். சொல்லாமல் விட்டது இது.

மிசியே என்றால் பிரெஞ்சில் 'ஐயா'; அவர் பெயர் தனிஸ்லாஸ். பிரெஞ்சுக்காரர் காலத்தில் இளவயதிலேயே கப்பல் ஏறி, அவர்களுடைய கடற்படைப் பட்டறை ஒன்றில் லென்ஸ் வேலை பழகி வந்தவர். கொடி மாறியது, அதிகாரிகள் மாறினார்கள், மிசியே மட்டும் மாடியில் வடக்கு ஜன்னலோரம் அப்படியே இருந்தார். காலையில் ரொட்டியைக் காபியில் தோய்த்துச் சாப்பிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, "அலோர்!" என்பார். பிரெஞ்சில் 'சரி, அப்புறம்' என்பது போல ஒரு சொல். பட்டறை அப்போதுதான் தொடங்கும்.

நான் வேலை பழகியதை விவரிக்க அதிகமில்லை. நிலம் அளக்கும் தியோடலைட், மட்டம் பார்க்கும் லெவல் எது வந்தாலும் மிசியே முதலில் திருப்புளியைக் கையில் கொடுக்க மாட்டார். கருவியை ஜன்னலில் நிறுத்திப் பார்க்கச் சொல்வார். அப்புறம் கேட்பார்: "இன்னா பாத்தே?"

"மங்கலா இருக்கு மிசியே" என்றேன், முதல் நாள்.

"மங்கல்ன்றது நோயாளி சொல்றது. நீ இன்னா பாத்தே, அதச் சொல்லு."

மறுபடி போய்ப் பார்ப்பேன். ஆலைப் புகைபோக்கியின் உச்சியில் இடிதாங்கிக் கம்பி. கம்பியின் வலது ஓரத்தில் நீலமாக ஒரு கசிவு. அடிப்பக்கம் சிலந்திவலை போல் ஏதோ. அதைச் சொன்னால்தான் திருப்புளி கைக்கு வரும். நீலக் கசிவு என்றால் லென்ஸ் சாய்ந்திருக்கிறது, வலை என்றால் பூஞ்சை. காரணம் தானாக வரும், முதலில் கண்டதைச் சொல் என்பது அவர் முறை.

அவர் வாயிலிருந்து வரும் உச்சபட்சப் பாராட்டு "பா மால்." 'மோசமில்லை' என்று பொருள். அவ்வளவுதான். ஆனால் அவர் சொன்னால் மாலை போட்ட மாதிரி. அது எனக்குக் கிடைக்க வருஷங்கள் ஆயின. எனக்குப் பின்னால் வந்த ஆதிமூலத்துக்கு முதல் மாதமே கிடைத்தது.

ஆதிமூலம் முதலியார்பேட்டைக்காரன். அப்பா ஆலைத் தொழிலாளி. இவன் கைக்கடிகாரம் ரிப்பேர் செய்யும் கடையிலிருந்து வந்தவன். அவன் மேசையைப் பார்த்தால் எனக்கு உடம்பு கூசும். டீ கிளாஸ் பக்கத்தில் பிரிசம், பிரிசம் பக்கத்தில் பீடிக்கட்டு. நான் திருகாணிகளைக் கழற்றிய வரிசையிலேயே துணியில் அடுக்கி வைப்பேன். அவன் ஒரு மூடியில் கொட்டிக் குலுக்குவான். ஆனால் மாட்டும்போது ஒன்று மிஞ்சாது, ஒன்று குறையாது. மிசியே அவன் முதுகுக்குப் பின்னால் நின்று பார்ப்பார். அவன் ஏதோ சொல்வான், அவர் வயிறு குலுங்கச் சிரிப்பார். நான் நிமிர்ந்தால் சிரிப்பு நின்றுவிடும். என் முதுகுக்குப் பின்னால் நின்று அவர் சிரித்ததில்லை. குறை சொல்லவும் நின்றதில்லை.

எங்கள் பட்டறையில் எல்லோரும் கண் வைத்திருந்தது ஒரு மேசையின் மீது. கோலிமேட்டர் மேசை என்போம். நேர்கோட்டில் பார்க்கிறதா என்று கருவிகளைச் சோதிக்கும் குழல் ஒன்று அதில் பதித்திருக்கும். எந்தக் கருவியும் கடைசியில் அந்த மேசைக்கு வந்துதான் வெளியே போகும். மரப்பெட்டி போட்டுப் பூட்டிய மேசை. சாவி மிசியேயின் கழுத்துக் கயிற்றில், சிலுவையோடு தொங்கும். மார்ச்சில் அவருக்கு ஓய்வு. மூப்பு வரிசைப்படி அந்த மேசை எனக்கு வரவேண்டும். ஆனால் மிசியே வரிசை பார்க்கிறவர் அல்ல. அவர் யாரைக் கை காட்டுகிறாரோ அவருக்குத்தான் என்று மேலதிகாரியே சொல்லிவிட்டார். அந்த வருஷம் எனக்கு வேறு நினைப்பே இல்லை.

அதிலும் அந்த வருஷம் ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. எந்தக் கருவியை மூடுவதற்கு முன்னும் மிசியே, "ஆதிமூலம், நீ ஒரு தரம் பாரு" என்பார். நான் முடித்து வைத்ததையும் அவன் பார்க்க வேண்டும். அவன் வந்து குனிந்து பார்த்து, "சுத்தமா கீது மிசியே" என்று சொன்ன பிறகுதான் என் வேலை வேலையாகும். வீட்டில் சோறு இறங்காது.

நவம்பர் கடைசியில், நல்ல மழையில், லாஸ்பேட்டைக் கல்லூரி ஒன்றிலிருந்து விலங்கியல் பேராசிரியை கமலவேணி அம்மாள் மாடியேறி வந்தார். மொபெட்டில் வருகிறவர். கையில் ஒரு பாலிதீன் பை, பைக்குள் கல்லூரியின் பைனாகுலர். ஊசுட்டேரிக்குக் குளிர்காலத்தில் வரும் பறவைகளை வருஷா வருஷம் கணக்கெடுக்கிறவர் அவர்.

"படகு சாஞ்சிடுச்சு மிசியே. நானும் விழுந்தேன், இதுவும் விழுந்தது. என்னைக் கழுவிக்கிட்டேன். இதைக் கழுவத் தெரியலை."

மூடியைத் திறந்ததும் ஏரிச் சேற்றின் வாடை பட்டறை முழுதும் பரவியது. பிரிசங்களுக்கு நடுவே பாசி. உள்ளே ஒரு சின்ன நத்தை. ஆதிமூலம் அதை விரல் நுனியில் எடுத்து, "அம்மா, இதுவும் காலேஜு சொத்தா?" என்றான். அந்த அம்மாள் சிரித்தார். மிசியேயும் சிரித்தார். எனக்கு அந்த வேடிக்கை தோன்றியிருக்காது. தோன்றியிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

மிசியே பைனாகுலரின் நடுக் கீலைக் கழற்றி இரண்டு குழல்களையும் தனியாகப் பிரித்தார். இடது குழலை என் மேசையில் வைத்தார். வலது குழலை ஆதிமூலத்தின் மேசையில், பீடிக்கட்டை நகர்த்திவிட்டு வைத்தார்.

"ஆளுக்கொண்ணு. சேக்குறது நான். அந்த மேசை யாருக்குன்னு இதுல பாத்துடலாம்."

முதலில் உள்ளமைப்பைப் படம் வரைந்துகொண்டேன். பிரிசங்களின் சொரசொரப்பான பக்கத்தில், எது எந்தத் திசை பார்த்தது என்று பென்சிலால் குறி போட்டேன். சேற்றைத் தேய்க்கக் கூடாது, மணல் கோடு போட்டுவிடும். ஊறவிட்டுத் தானாகக் கழல விட வேண்டும். அப்புறம் பலமுறை வெளுத்த பழைய வேட்டித் துணி, ஈதரும் ஆல்கஹாலும் கலந்த நீர். லென்ஸின் நடுவிலிருந்து சுருளாக ஓரத்துக்கு ஒரே இழுப்பு. ஒரு துணி ஓர் இழுப்புக்குத்தான். வாயால் ஊதவே கூடாது. "வாய் ஈரம் பூஞ்சைக்குச் சோறு" என்பார் மிசியே. பக்கத்து மேசையில் ஆதிமூலம் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இதையெல்லாம் செய்தான். அவன் குழலை ஒருமுறை, அவன் டீ குடிக்கப் போயிருந்தபோது, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். கண்ணாடி இருப்பதே தெரியவில்லை. அவ்வளவு சுத்தம். இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தேன்.

சனிக்கிழமை மிசியே இரண்டு குழல்களையும் கீலில் சேர்த்தார். இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு குழலும் தனியாக எவ்வளவு நன்றாக இருந்தாலும் போதாது. இரண்டும் ஒரே இடத்தைப் பார்க்க வேண்டும். முன் லென்ஸைச் சுற்றி ஒரு வளையம் உண்டு. அதைத் திருப்பினால் லென்ஸ் மயிரிழை நகரும். மேசையில் வைத்து ஓரளவு சரி செய்துவிட்டு, கடைசி மயிரிழையை இரண்டு கண்ணாலும் புகைபோக்கியைப் பார்த்துத்தான் தீர்க்க வேண்டும். இரண்டு இடிதாங்கி ஒன்றாகும் வரை. மிசியே அதைப் பேச்சுவாக்கில் செய்துவிடுவார்.

அன்று அவர் மேசையை விட்டு எழவே இல்லை. "நான் கூட இருக்கட்டா மிசியே?" என்றான் ஆதிமூலம்.

"போடா. ரெண்டு பேரும் வெளிய போங்க."

அந்த நேரத்திலும் கூட இருக்க வேண்டும் என்று கேட்கிறானே, என்ன சலுகை என்று நினைத்துக்கொண்டு படி இறங்கினேன்.

மறுநாள்தான் நான் மீன் வாங்கப் போகாத ஞாயிறு. மிசியே, ஆதிமூலம், நான் மூவரும் விழுப்புரம் பஸ்ஸில் ஏறி ஏரிக்கரையில் இறங்கினோம். கமலவேணி அம்மாள் மொபெட்டைப் புளியமரத்தடியில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். மழைக்குப் பிறகு ஏரி கரை ததும்ப நின்றது. தூரத்தில் நாமக்கோழிகள் கரும்புள்ளிகளாகக் கூட்டமாக மிதந்தன. ஊசிவால் வாத்துகள் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி இறங்கின. மூழ்கிய மரத்தின் கொம்பில் பாம்பு போல் கழுத்து நீண்ட ஒரு பாம்புத்தாரா இரண்டு சிறகையும் விரித்து ஈரம் காயவைத்துக்கொண்டிருந்தது. மிசியே டீக்கடைக்கு நடந்தார்.

அம்மாள் பைனாகுலரைக் கண்ணில் வைத்தார். எடுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தார்.

"என்னங்க இது, ரெண்டு பாம்புத்தாரா தெரியுது? ஒண்ணு தலை மேல ஒண்ணு. இப்படி எண்ணினா ஏரியில இருக்கற வாத்தெல்லாம் ரெட்டிப்பாயிடுமே."

வாங்கிப் பார்த்தேன். இரண்டுதான். ஒரு கண்ணை மூடினால் இறகு இறகாகத் தெரிகிறது. மறு கண்ணை மூடினாலும் அப்படியே. இரண்டும் திறந்தால் இரட்டை. யார் குழல் கோணல்?

"வலது பக்கம் பாரு," என்று ஆதிமூலத்திடம் நீட்டினேன்.

"ஏண்ணே, இடது பக்கம் இருக்கக் கூடாதா?" என்று சிரித்துக்கொண்டே வாங்கிப் பார்த்தான். சிரிப்பு நின்றது. டீக்கடைப் பக்கம் திரும்பி மிசியேவை ஒரு பார்வை பார்த்தான். அப்புறம் அம்மாளிடம் சொன்னான்: "ஆமாம்மா. என் பக்கந்தான் தப்பு. நாளைக்குச் சரி பண்ணிக் குடுத்துடுறேன்."

அந்த நொடி என் நெஞ்சு குளிர்ந்தது என்பதை மறைப்பதில் பயனில்லை. மேசை எனக்குத்தான் என்று தோன்றியது. அத்தனை பறவைகள் இருந்த ஏரியில் நான் எதையும் பார்க்கவில்லை.

மிசியே வந்தார். "அலோர், எப்படி இருக்கு?" என்று தானே பைனாகுலரை வாங்கி, கொம்பைக் கண்டுபிடித்து, நிதானமாகப் பார்த்தார்.

"சிறக விரிச்சிக்கினு ஒண்ணு குந்தியிருக்கு. கழுத்து வளைவு கூட தெரியுது. அழகா இருக்கு. இன்னா கொற?"

அம்மாள் அவரை உற்றுப் பார்த்தார். பிறகு பைனாகுலரை வாங்கி ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "நாமக்கோழியிலேருந்து ஆரம்பிக்கிறேன்" என்று கரையோரமாக நடக்கத் தொடங்கினார். அன்று காலை முழுதும் ஒரு கண்ணை மூடியே எண்ணினார்.

நான் ஆதிமூலத்தை மதகுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். "பாத்தியா? உம் மேல பழி வரக் கூடாதுன்னு அவரு எப்படிப் பொய் சொல்றாரு!"

"அவரு பொய் சொல்லலண்ணே. அவருக்கு ஒண்ணுதான் தெரியுது."

"இன்னாடா சொல்றே?"

"வலது கண்ணுல பொரை வுழுந்துடுச்சு. கோடைலேர்ந்து. இப்ப வெளிச்சம் மட்டுந்தான் தெரியுதாம். அதான் எல்லாத்தையும் என்ன பாக்கச் சொல்றாரு. நேத்து நான் இருக்கேன்னேன், ரோசத்துல தொரத்திட்டாரு. நம்ம குழல் ரெண்டுலயும் ஒரு தப்பும் இல்ல. சேத்ததுலதான்."

"அப்ப உன் பக்கம் தப்புன்னு ஏன் சொன்னே?"

"வேற இன்னா சொல்றது? மிசியே சேத்தது தப்புன்னா சொல்றது?"

மதகில் தண்ணீர் இரைந்துகொண்டிருந்தது. "உனக்கு யாரு சொன்னது, பொரைன்னு?"

"அவரேதான்."

"எனக்கு ஏன் சொல்லல?"

அவன் காலால் மண்ணைக் கிளறினான். "வுடுண்ணே."

"சொல்லுடா."

"நீ எல்லாத்தையும் தேதி போட்டு எழுதி வெச்சிடுவியாம்."

இத்தனை வருஷம் அவருக்கு ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். நீலக் கசிவைக் கண்டுபிடிப்பேன், மயிரிழைச் சாய்வைக் கண்டுபிடிப்பேன். அவர் கோடையிலிருந்து தலையை ஒரு பக்கம் சாய்த்தே பார்த்ததை, கண்டும், என் வேலை மேல் அலட்சியம் என்று எடுத்துக்கொண்டேன். ஆதிமூலத்துக்கு அவர் கொடுத்தது சலுகை இல்லை என்று புரிந்தபோது பொறாமை அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. அதுவரை ஒரு மேசைக்காகப் பொறாமைப்பட்டேன். இப்போது அவனிடம் இருந்தது அதைவிடப் பெரியது. அவர் தன் குருட்டுக் கண்ணை நம்பிக் கொடுத்தது அவனிடம். அவருக்காக ஒரு பொய் சொல்லும் வாய்ப்புக்கூட அவனுக்குத்தான் கிடைத்தது.

மதியம் பஸ்ஸில் திரும்பினோம். மிசியே ஜன்னலோரம், நான் பக்கத்தில், ஆதிமூலம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வில்லியனூர் தாண்டியதும் மிசியே முகத்தைத் திருப்பாமலே கேட்டார்.

"அலோர், தணிகாசலம். இன்னா பாத்தே?"

ஆதிமூலம் என் காலை மிதித்தான். நன்றாகவே மிதித்தான். ஆனால் அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு வகையில்தான் பதில் சொல்ல அவர் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்.

"ரெண்டு பாம்புத்தாரா மிசியே. ஒண்ணு தலைக்கு மேல ஒண்ணு. கொம்பும் ரெண்டு."

"வலது குழல்?"

"சுத்தம்."

"இடது?"

"அது நீங்களே சொன்னீங்க. அழகா இருக்குன்னு."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். இடது கண்ணால். வலது கண்ணைத் திரை மூடியிருந்தது. அவர் ஏரியில் பார்த்ததெல்லாம் என் குழல் வழியாகத்தான். கழுத்து வளைவு, சிறகு, எல்லாம். "பா மால்" என்றார். குழலுக்கா, பதிலுக்கா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சட்டைக்குள் கையை விட்டுக் கயிற்றிலிருந்து சாவியை உருவி என் உள்ளங்கையில் வைத்தார். பிறகு என் தலைக்கு மேலாக ஆதிமூலத்திடம் சொன்னார்:

"நாளைக்கு நீ வூட்டுக்கு வந்துடுடா. ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

"வரேன் மிசியே," என்றான் அவன். அவன் கண் கலங்கியிருந்தது. எனக்குச் சாவி கிடைத்ததற்காக அல்ல என்பது தெரியும்.

சாயங்காலம் என் மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பினாள். சாவியை மாடத்தில் வைத்தேன்.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாகக் கோலிமேட்டர் மேசையைத் திறந்தேன். பைனாகுலரைத் தாங்கியில் பொருத்தினேன். இடது குழலைத் தொடவில்லை. வலது குழலின் வளையத்தைத் தளர்த்தி, புகைபோக்கியைப் பார்த்தபடி திருப்பினேன். இரண்டு இடிதாங்கிகள் நெருங்கி, உரசி, ஒன்றாயின. வளையத்தை இறுக்கினேன். பிறகு அந்தப் பைனாகுலரைக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போய்த் தெருக்கோடியைப் பார்த்தேன். ஆதிமூலம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். அவன் தோளில் கை வைத்தபடி மிசியே நடந்தார். இரண்டு பேர் இரண்டு பேராகவே, ஓரம் பிசிறாமல் தெரிந்தார்கள். அவன் ஏதோ சொன்னான். அவர் நின்று, வயிறு குலுங்கச் சிரித்தார். என்ன சொன்னான் என்று பார்க்கத்தான் குழலை இன்னும் கொஞ்சம் திருகினேன்.